போஸ்டரில் இருப்பவரும் பக்கத்துத் தெருவில் இருப்பவரும்: பிள்ளைகளுக்கு யார் முன்மாதிரி?

"உன் முன்மாதிரி யார்?" என்று தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் கட்டுரை எழுதச் சொன்னால், பாதி வகுப்பாவது அப்துல் கலாம் என்று எழுதும். அதே பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் யாருடைய பாட்டுக்கு ஆடுகிறார்கள், யார் மாதிரி முடி வெட்டச் சொல்லி சலூனில் அடம்பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் பெயர் மாறிவிடும். விஜய், தோனி, இல்லையென்றால் நமக்குப் பெயரே தெரியாத ஒரு யூடியூபர். பிள்ளைகள் கட்டுரையில் பொய் எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவரை மதிப்பது, ஒருவரைப் பிடித்துப்போவது, ஒருவரைப் பார்த்து அவர் செய்வதைச் செய்வது எல்லாம் தனித்தனிச் சங்கதிகள். பெரியவர்கள் இவற்றைக் கலந்துவிடுவதால்தான் "நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியா?" என்ற பேச்சு எப்போது எழுந்தாலும் சண்டையில் முடிகிறது.

ஒருவர் "சினிமாவைப் பார்த்துத்தான் பசங்க கெட்டுப்போறாங்க" என்பார். இன்னொருவர் "அவர் எத்தனை பேரைப் படிக்க வைக்கிறார் தெரியுமா?" என்பார். இருவரும் பேசுவது அந்த நட்சத்திரம் நல்லவரா கெட்டவரா என்பதை. பிள்ளை அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்ற கேள்வி நடுவில் காணாமல் போய்விடும். நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

முழு ஆளையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை

ரோல் மாடல் என்ற கருத்தைச் சமூகவியலில் நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் கே. மெர்ட்டன். 1950-களில் அவர் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். ஒருவரைப் பார்த்து அவருடைய நடத்தை, மதிப்பீடுகள், வாழ்க்கை என்று எல்லாவற்றிலும் அவரைப் போல ஆகப் பார்ப்பது ஒரு வகை. அவர் வகிக்கும் பல பாத்திரங்களில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுத்துக்கொண்டு அதில் அவரைப் பின்பற்றுவது இன்னொரு வகை. மெர்ட்டன் ரோல் மாடல் என்றது இந்த இரண்டாவது வகையை.

தோனியை எடுத்துக்கொள்வோம். அவர் விக்கெட் கீப்பர், பல வருஷம் கேப்டனாக இருந்தவர், கணவர், தகப்பன், விளம்பரங்களில் வரும் முகம். கடைசி ஓவரில் இருபது ரன் தேவைப்படும்போதும் முகம் மாறாமல் நிற்பதை ஒரு பிள்ளை அவரிடம் கற்றுக்கொண்டால், அந்த ஒரு விஷயத்துக்கு அவர் முன்மாதிரி. அவர் விளம்பரம் செய்யும் பொருள் வீட்டுக்குத் தேவையா என்பது வேறு கணக்கு. மெர்ட்டன் போட்ட இந்த எல்லையைப் பெரியவர்களே மறந்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அப்படி ஓர் எல்லை இருப்பதே தெரியாது.

மறப்பதற்குக் காரணம் உண்டு. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இல் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ராணுவ அதிகாரிகளிடம், உங்களுக்குக் கீழே இருப்பவர்களின் உடற்கட்டு, புத்திக்கூர்மை, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வந்த மதிப்பெண்களைப் பார்த்தால் தனித்தனியாகப் போட்ட மாதிரியே தெரியவில்லை. ஒன்றில் நிறைய வாங்கியவருக்கு மற்றதிலும் நிறையக் கிடைத்திருந்தது. ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் குணமும் தங்கம் என்று மனசு தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். நன்றாகச் சிக்ஸர் அடிப்பவர் நல்ல பிஸ்கட்டைத்தான் சொல்வார் என்று நம்ப வைப்பதும் இதுதான். விளம்பரத் துறையில் பாதிப் பேர் பிழைப்பது இதை நம்பித்தான்.

பிள்ளை எதைப் பார்த்து எதைச் செய்கிறது

பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும். ஆனால் எந்தச் சூழலில், எவ்வளவு தூரம் என்று சோதித்துப் பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் பண்டுரா. 1961-இல், பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் படித்த 72 பிள்ளைகளை வைத்துச் செய்தார். மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருந்த பிள்ளைகள். அறையின் ஒரு மூலையில் பிள்ளை படம் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு மூலையில் பெரியவர் ஒருவர், தள்ளினால் தானே எழுந்து நிற்கும் காற்றடைத்த பெரிய பொம்மையோடு இருப்பார். சில பிள்ளைகளுக்கு முன்னால் அவர் அந்தப் பொம்மையைக் கீழே சாய்த்து அதன் மேல் உட்கார்ந்து மூக்கில் குத்துவார், சுத்தியலால் அடிப்பார், உதைப்பார், கூடவே சில வார்த்தைகளும் சொல்வார். வேறு சில பிள்ளைகளுக்கு முன்னால் பொம்மையைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்ப்பார். மூன்றாவது குழுவுக்கு எதையும் காட்டவில்லை.

அப்புறம் பிள்ளையை நல்ல விளையாட்டுச் சாமான்கள் இருந்த அறைக்கு அழைத்துப்போய், இரண்டு நிமிடம் விளையாட விட்டு, "இதெல்லாம் வேறு பிள்ளைகளுக்கு" என்று பறித்துவிட்டார்கள். கொஞ்சம் கடுப்பேற்றத்தான். அதற்கடுத்த அறையில் அதே மாதிரிப் பொம்மை. அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதே அடி, அதே உதை, அதே வார்த்தைகள் என்று நகல் எடுத்தார்கள். 1963-இல் இதையே திரையில் படமாகக் காட்டியும் செய்து பார்த்தார். திரையில் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது.

நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டியது 1965-இல் அவர் செய்த மூன்றாவது சோதனை. இந்தத் தடவை படத்துக்கு மூன்று முடிவுகள். ஒன்றில் பொம்மையை அடித்தவருக்கு மிட்டாயும் பாராட்டும் கிடைக்கிறது. இன்னொன்றில் திட்டு விழுகிறது. மூன்றாவதில் எதுவும் நடப்பதில்லை. திட்டு விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். அடடா, தண்டனையைக் காட்டினால் போதும் என்று தோன்றுகிறதா? அதன் பிறகு பண்டுரா, "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டினால் ஸ்டிக்கரும் ஜூஸும் தருகிறேன்" என்றார். மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் செய்து காட்டின. தண்டனையைப் பார்த்தவர்களும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சோதனைகள் மேல் விமர்சனங்களும் உண்டு. அந்தப் பொம்மையே அடித்து விளையாடச் செய்த பொம்மை. வந்த பிள்ளைகளும் ஒரு பல்கலைக்கழகத்தின் பள்ளிப் பிள்ளைகள். பொம்மையை அடித்தவன் நாளைக்குத் தெருவில் ஆளை அடிப்பான் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. கற்றுக்கொள்வது வேறு, செய்வது வேறு. எதற்குக் கைதட்டல் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் இரண்டாவது முடிவாகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

இதை நம் சினிமாவில் பொருத்திப் பாருங்கள். "கடைசியில் வில்லன் தண்டனை அனுபவிக்கிறானே" என்று இயக்குநர்கள் சொல்லும் சமாதானம் பண்டுராவின் மூன்றாவது சோதனையோடு முடிந்துபோகிறது. அதைவிட, தண்டனையே இல்லாமல் கைதட்டல் வாங்குவது வில்லன் செய்வதில்லை, கதாநாயகன் செய்வது. பெண் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவள் பின்னாலேயே சுற்றுகிறான், பஸ் ஸ்டாப்பில் காத்து நிற்கிறான், தோழியிடம் நம்பர் வாங்குகிறான். இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுகிறாள், அடுத்து வெளிநாட்டில் பாட்டு. பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைவிடத் தெளிவாக "இப்படிச் செய்தால் பரிசு கிடைக்கும்" என்று யாரும் பாடம் எடுக்க முடியாது. சிகரெட்டைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு இதைப் பற்றிப் பேசவில்லை என்பது என் குறை.

சிகரெட் கதையும் சொல்லத்தான் வேண்டும். எம்.ஜி.ஆர். திரையில் குடிப்பதையும் புகைப்பதையும் கவனமாகத் தவிர்த்தவர். தன் பிம்பம் யார் யாரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில் அவருக்கு இருந்த விழிப்பு அபாரமானது. ரஜினிகாந்துக்கோ சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிப்பதே முத்திரையாக இருந்தது. சாக்பீஸையும் பென்சிலையும் வைத்து அதைப் பழகாத பையன் அந்தக் காலத்து வகுப்பறையில் அரிது. மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் காலத்தில், 2005-இல், திரையில் புகைப்பதற்குத் தடை கொண்டுவந்தார்கள். 2009-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2012 அக்டோபர் 2 முதல் எச்சரிக்கை விளம்பரமும் திரையின் கீழே வாசகமும் கட்டாயமாயின. அதே 2012-இல் டெல்லிப் பள்ளிகளில் 12 முதல் 16 வயதுள்ள ஏறத்தாழ 4,000 மாணவர்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. இந்திப் படங்களில் புகைக்கும் காட்சிகளை அதிகம் பார்த்தவர்களிடையே புகையிலைப் பழக்கம், குறைவாகப் பார்த்தவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். எது காரணம், எது விளைவு என்று ஒரே ஓர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர் அலுவலகம் அதே ஆண்டு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, திரையில் புகைப்பது இளையவர்களைப் புகைக்கத் தொடங்க வைக்கிறது என்றே முடிவுக்கு வந்தது.

ஒருபக்கப் பழக்கம்

நட்சத்திரம் வெறும் அந்நியராக இருந்தால் இவ்வளவு தூரம் ஒட்டாது. அவர் நமக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிடுகிறார். தலைவர், தல, தளபதி, அண்ணா என்று நாம் கூப்பிடுவதே அப்படித்தான். டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-லேயே, தொலைக்காட்சி வந்த புதிதில், இதைக் கவனித்து எழுதினார்கள். திரையில் ஒருவர் நம்மைப் பார்த்துப் பேசுவதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தால், அவரோடு நேரில் பழகுகிற உணர்வே வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழக்கம் ஒருபக்கம்தான். அவருக்கு நம்மைத் தெரியாது. சினிமா நடிகராவது வேறொரு பாத்திரமாக வருகிறார். யூடியூபரோ கேமராவை நேராகப் பார்த்து "ஹாய் மக்களே" என்று தன் வீட்டுச் சமையலறையைக் காட்டுகிறார். இன்றைய பத்து வயதுப் பிள்ளைக்கு அவர்தான் இன்னும் நெருக்கம். பெற்றோர் பலருக்கு இந்தப் பெயர்களே தெரியாது என்பதால் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சும் வருவதில்லை.

காசு வாங்கிக்கொண்டு சொல்வது

ஒளிவட்டமும் ஒருபக்கப் பழக்கமும் சேர்ந்தால் அது விற்பனைச் சரக்கு. இந்த இடத்தில் நட்சத்திரத்தின் பொறுப்பைப் பற்றித் தாராளமாகப் பேசலாம், ஏனென்றால் இங்கே அவர் தெரியாமல் முன்மாதிரி ஆகவில்லை. பிள்ளை தன்னைப் பார்க்கும் என்பதற்காகவே கூலி வாங்குகிறார்.

2001-இல் புல்லேலா கோபிசந்த் ஆல் இங்கிலாந்து பேட்மின்டன் பட்டம் வென்றார். அந்தப் பட்டம் வென்ற இரண்டாவது இந்தியர் அவர். குளிர்பான நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்குக் கேட்டபோது, அது உடம்புக்கு நல்லதில்லை என்று மறுத்துவிட்டார். பேட்மின்டன் வீரருக்கு அன்று கிரிக்கெட் வீரர் மாதிரி வருமானம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சச்சின் டெண்டுல்கர், தகப்பனாருக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லி, மது, புகையிலை விளம்பரங்களுக்குப் போகவில்லை. அமிதாப் பச்சன் 2014-இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் பேசும்போது ஒரு சம்பவத்தைச் சொன்னார். ஜெய்ப்பூரில் ஒரு சிறுமி அவரிடம், எங்கள் டீச்சர் விஷம் என்று சொல்லும் பானத்துக்கு நீங்கள் ஏன் விளம்பரம் செய்கிறீர்கள் என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு பெப்சியை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆனால் அதே அமிதாப் பின்னாளில் ஒரு பான் மசாலா விளம்பரத்தில் வந்தார், எதிர்ப்பு எழுந்ததும் 2021 அக்டோபரில் விலகினார். மறு வருஷம் அக்ஷய் குமாரும் அதே மாதிரி ஒரு விளம்பரத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு விலகினார். எனக்கு இதில் பிடித்த ஆள் அந்த ஜெய்ப்பூர்ச் சிறுமிதான். அவளுக்கு அமிதாபையும் தெரியும், டீச்சர் சொன்னதும் ஞாபகம் இருந்தது, இரண்டையும் முட்டவைத்துப் பார்க்கத் துணிந்தாள்.

சட்டமும் கொஞ்சம் வந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் நடித்த பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரங்களில் தோன்ற முதல் தடவை ஓராண்டு வரையும், மறுபடியும் செய்தால் மூன்றாண்டு வரையும் தடை விதிக்கலாம். பிள்ளைக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிய வேண்டாம். "இதைச் சொல்ல அவருக்குக் காசு கொடுக்கிறார்கள்" என்ற ஒரு வரி தெரிந்தால் போதும். ஏழெட்டு வயதில் அது நன்றாகவே புரியும்.

நல்ல பக்கம்: ஒரு கண்ணாடி அறைக்கு வெளியே

2013 நவம்பரில் சென்னையில் ஓர் ஓட்டலில் உலக சதுரங்கச் சாம்பியன் போட்டி நடந்தது. விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிரே மேக்னஸ் கார்ல்சன். ஆட்டக்காரர்கள் கண்ணாடித் தடுப்புக்குள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அந்த வருஷம்தான் சதுரங்கம் பழகத் தொடங்கியிருந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு நாள் அந்தக் கண்ணாடிக்குள் உட்கார வேண்டும் என்று அப்போது தோன்றியதாக அவன் பிறகு சொன்னான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷ்தான் அந்தப் பையன்.

கவனிக்க வேண்டியது, 2013 போட்டியில் ஆனந்த் தோற்றார். அதுவும் சொந்த ஊரில், ஆறரைக்கு மூன்றரை என்று. நட்சத்திரம் ஜெயித்தால்தான் பிள்ளைக்கு உற்சாகம் வரும் என்பதில்லை. அந்த அறையையும் அந்த மேஜையையும் நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதையும் கண்ணால் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

ஆனால் இதை "பார்த்தான், ஆனான்" என்று சொன்னால் பதினோரு வருஷத்தை முழுங்கிவிடுகிறோம். பள்ளியில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர்கள், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்த அப்பா, வீட்டைச் சம்பாத்தியத்தால் தாங்கிய அம்மா என்று இடையில் எத்தனை பேர். பிறகு ஆனந்தே போஸ்டரிலிருந்து இறங்கிவந்து, தன் அகாடமியில் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி போன்றவர்களுக்கு வழிகாட்டினார். பிரக்ஞானந்தா வீட்டுக் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அக்கா வைஷாலி எப்போதும் டிவியில் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று பெற்றோர் அவளைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி ஆட வந்தான்.

ஆனந்துக்கும் இப்படித்தான். காய் நகர்த்தச் சொல்லிக்கொடுத்தது அம்மா. ஆடிப் பழக சென்னையில் தால் சதுரங்க மன்றம் இருந்தது. அந்த மன்றத்தை 1972-இல் தொடங்கியவர் மேனுவல் ஆரோன், 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் என்றால், ஆனந்த் என்ற நட்சத்திரம் அதற்கு ஒரு காரணம். தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மன்றமும் ஒரு மாஸ்டரும் இருந்தது இன்னொரு காரணம், அவ்வளவு வெளியே தெரியாத காரணம்.

எட்டும் தூரம்

பெரிய ஆளைப் பார்த்தால் எல்லோருக்கும் உற்சாகம் வருமா? கனடாவில் பெனலோபி லாக்வுட், ஜீவா குண்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997-இல் இதைப் பார்த்தார்கள். கணக்கியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம், அதே துறையில் நான்காம் ஆண்டு படிக்கும் அபார மாணவர் ஒருவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதலாமாண்டு மாணவர்களுக்கு அது உற்சாகம் கொடுத்தது. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே, நாமும் ஆகலாம். நான்காமாண்டு மாணவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அவர்களுக்கு நேரம் தீர்ந்துபோயிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் தத்தளிக்கும் பிள்ளையிடம் மதிப்பெண்ணை அள்ளியவரின் பேட்டியைக் கொண்டுபோய்க் காட்டும் அப்பா அம்மாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கதையை எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸியாவ்டாங் லின்-சீக்லரும் கூட்டாளிகளும் நியூயார்க் பள்ளி மாணவர்கள் 402 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே ஆகியோரின் கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதனைகள் மட்டும். மற்ற குழுக்களுக்கு அவர்கள் ஆராய்ச்சியில் தடுமாறியது, வாழ்க்கையில் கஷ்டப்பட்டது. தடுமாற்றங்களைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் கூடியது, அதிலும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு நன்றாகக் கூடியது. சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்குக் கூடவில்லை.

நட்சத்திரப் புகழின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. போஸ்டரில் முடிவு மட்டும்தான் தெரியும், வந்த வழி தெரியாது. தெரிந்தால் கதையே வேறு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில், நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த டி. நடராஜன், இருபது வயது வரை பெரும்பாலும் டென்னிஸ் பந்தில் ஆடியவர். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ்தான் அவரைச் சென்னைக்கு அனுப்பி ஆட வைத்தார். நடராஜன் தன் சட்டையில் அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து "ஜேபி நட்டு" என்று போட்டுக்கொண்டதே அதற்காக. தமிழ்நாட்டு அணிக்கு வந்த பிறகு பந்துவீசும் முறை விதிக்கு உட்பட்டதா என்ற சந்தேகம் கிளம்பி, எல்லாவற்றையும் மாற்றிப் பழக வேண்டியிருந்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். ஊரில் ஒரு மைதானமும் அமைத்துவிட்டார். சேலத்துப் பையனுக்கு விராட் கோலியைவிட இவர் அதிகம் பயன்படுவார் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் இவர் போன ஒவ்வொரு படியையும் அந்தப் பையனால் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க முடியும்.

பக்கத்தில் இருப்பவரின் சக்தியைக் கணக்காகவே காட்டிய ஆய்வு மேற்கு வங்கத்தில் நடந்தது. பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற ஒதுக்கீடு 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுழற்சியில் வந்தது. பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களை எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை பெண் தலைவர் இருந்த ஊர்களில், மகனுக்கு ஒரு கனவு மகளுக்கு ஒரு கனவு என்று பெற்றோர் வைத்திருந்த இடைவெளி 25 விழுக்காடு குறைந்திருந்தது. பிள்ளைகளின் சொந்த ஆசைகளில் இருந்த இடைவெளி 32 விழுக்காடு குறைந்திருந்தது. படிப்பில் ஆண், பெண் வித்தியாசமே மறைந்துபோயிருந்தது. பெண்களுக்கென்று புது வேலைகள் எதுவும் அந்த ஊர்களில் வந்துவிடவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகள் வருஷக்கணக்காகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். இந்தத் தலைவிகளின் பெயர் அடுத்த தாலுகாவில்கூட யாருக்கும் தெரிந்திருக்காது.

கட்டுரை நோட்டில் எல்லோரும் எழுதும் கலாமின் கதையிலும் இது இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் வரைந்து காட்டி, புரியவில்லை என்றதும் பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். தன் வாழ்க்கையின் திசை அங்கே தீர்மானமானது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஐன்ஸ்டைன் படத்தைப் பார்த்து என்று சொல்லவில்லை.

அப்படியானால் நட்சத்திரத்துக்குப் பொறுப்பே இல்லையா?

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்ல்ஸ் பார்க்லி 1993-இல் ஒரு ஷூ விளம்பரத்தில், நான் ரோல் மாடல் கிடையாது, பெற்றோர்தான் ரோல் மாடலாக இருக்க வேண்டும், நான் பந்து போடுவதால் உங்கள் பிள்ளையை வளர்க்க வேண்டும் என்றில்லை என்று சொன்னார். பெரிய விவாதம் ஆனது. சக வீரர் கார்ல் மலோன் பத்திரிகையில் பதில் எழுதினார்: முன்மாதிரியாக இருப்பதா வேண்டாமா என்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நம்மை மற்றவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பார்க்லி அதை ஷூ விற்கும் விளம்பரத்தில் சொன்னார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளைகள் தன்னைப் பார்த்து ஷூ வாங்கலாம், வேறு எதையும் பார்க்கக் கூடாது என்பது கொஞ்சம் வசதியான நிலைப்பாடு.

சரி, பிள்ளைக்குப் பிடித்தவர் சறுக்கினால்? 2018 மார்ச்சில் கேப்டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர்கள் ஸ்டீவ் ஸ்மித்துக்கும் டேவிட் வார்னருக்கும் ஓராண்டுத் தடை விழுந்தது. ஸ்மித் சிட்னி விமான நிலையத்தில் பத்திரிகையாளர்கள் முன் அழுதார். பின்னால் அவர் அப்பா தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். தப்பான முடிவு எடுக்கும்போது யாரையெல்லாம் அது பாதிக்கும் என்று நினைத்துப் பாருங்கள் என்று ஸ்மித் சொன்னார். அப்பா அம்மாவைச் சொன்னார். "அவன் ஏமாற்றுக்காரன், அந்த போஸ்டரைக் கிழி" என்று சொல்லும் வீட்டில் பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது. அவர் பேட்டிங் இன்னும் அருமைதான், அவர் செய்தது தப்புதான், தப்பை ஒத்துக்கொண்டு தண்டனை அனுபவித்துவிட்டுத் திரும்ப ஆட வந்தார் என்று மூன்றையும் ஒரே ஆளைப் பற்றிப் பேச முடிந்தால், மெர்ட்டன் போட்ட எல்லைக்கோடு பிள்ளைக்குத் தானாகப் பிடிபடும்.

வீட்டில் என்ன செய்யலாம்

பிடித்தவரைக் கிண்டல் செய்யாமல் இருப்பது முதல் வேலை. பிள்ளை "எனக்கு அவரைப் பிடிக்கும்" என்றால் "அவரிடம் எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் ஆச்சரியப்படுத்தும். "சண்டை போடுறது" என்று ஒரு பிள்ளை சொல்லும். "அவர் அம்மாவை நல்லா பாத்துக்கறார்" என்று அதே நடிகரைப் பற்றி இன்னொரு பிள்ளை சொல்லும். எந்தத் துண்டை எடுத்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கவலைப்படுவதா சந்தோஷப்படுவதா என்றே முடிவு செய்ய முடியும். தலைமுடி, சட்டை, பேசும் பாணி எல்லாம் வந்துபோகும். அதற்காகச் சண்டை போட்டு, முக்கியமானதற்குச் சண்டை போடும் நாளில் செல்வாக்கு இல்லாமல் நிற்க வேண்டாம்.

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குத் திரையில் நடிப்பவரும் அந்தப் பாத்திரமும் ஒன்றுதான். அந்த வயதில் கூட உட்கார்ந்து பார்ப்பதைவிட வேறு வழி இல்லை. அவர் நிஜமாக மாடியிலிருந்து குதிக்கவில்லை, கயிறு கட்டியிருப்பார்கள், சண்டைக் கலைஞர் என்று வேறொருவர் குதிப்பார் என்று சொல்லிக்கொண்டே பார்க்கலாம். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று காட்டும் வீடியோக்கள் இதற்கு நன்றாக உதவும். பிள்ளைகளுக்கு அவை படத்தைவிடப் பிடிக்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளை, நட்சத்திரம் செய்யும் வேலையின் மேலேயே ஆசை வைத்திருந்தால், அந்த வேலையைச் செய்யும் ஒரு பக்கத்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பெரியவர்களின் பங்கு. அதற்குப் பணம் நிறைய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடை விடுமுறையில் மாவட்ட விளையாட்டு அரங்குகளில் பயிற்சி முகாம் நடத்துகிறது, தேர்வாகும் பிள்ளைகளுக்கு விளையாட்டு விடுதிகளும் வைத்திருக்கிறது. பாட்டு, நடனம், ஓவியம் என்றால் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன, பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. சேர்ப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் சும்மா வேடிக்கை பார்க்க அழைத்துப் போங்கள். அங்கே பதினாறு வயதில் ஓர் அக்காவோ அண்ணனோ அதே பந்தை நூறாவது தடவை போட்டுக்கொண்டிருப்பார்கள், பயிற்சியாளர் இன்னும் சரியில்லை என்று கத்திக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது பிள்ளை அதைப் பற்றி ஏதாவது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் மறுநாளும் போகலாம்.